வாளி போய்க் குழாய் வந்தது
கட்டடங்களில் பிளாஸ்டிக் கழிவுநீர்க் குழாய்கள்

சிங்கப்பூரில் தேக்கா என்றும் லிட்டில் இந்தியா என்றும் வழங்கும் வட்டாரத்திற்குச் சென்று வந்த வாசகர்கள் பலர் இருப்பர். சிராங்கூன் சாலையின் பூக்கடைகளையும் நகைக்கடைகளையும் கண்டு திரும்புவோர், அக்கடைவீடுகளுக்குப் பின்னால் ஓடும் சந்துகளை எட்டிப் பார்ப்பது அரிது. அங்கே சுவரோரமாகத் தரையிலிருந்து கூரைக்கு மேல் வரை நிமிர்ந்து நிற்கும் பிளாஸ்டிக் குழாய்களைப் பற்றியே இங்குக் கூற விழைகிறோம்.

பின்சந்துகள் வந்ததற்கே ஒரு வரலாறு உண்டு. 1906ஆம் ஆண்டில் டபிள்யூ. ஜே. சிம்ப்சன் என்னும் சுகாதாரப் பேராசிரியர் சிங்கப்பூரின் நிலையை ஆராய வரவழைக்கப்பட்டார். 1907இல் வெளியான அவரது அறிக்கை, முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்ட கடைவீடுகளில் வெளிச்சமும் காற்றும் புகாமையையும், அதனால் பெருகிய நோயையும் எடுத்துக் காட்டியது. வீடுகளுக்குப் பின்னால் சந்து விட வேண்டும் என்பது அவர் கூறிய தீர்வுகளுள் முக்கியமானது. அக்காலத்தில் மலக்கழிவு வாளிகளில் சேர்ந்தது. சந்து இல்லாத வீட்டில் அவ்வாளியை வீட்டுக்குள்ளாகவே தூக்கி, முன்வாசல் வழியாக வெளியேற்ற நேர்ந்தது. சந்து வந்த பின் பின்சுவரின் சிறு கதவைத் திறந்து வாளியை மாற்றினர். தோளில் காண்டாக் கம்பும் அதன் இரு முனைகளிலும் வாளிகளுமாக அவர்கள் நடந்த நடை, பால் சுமந்து பழகிய நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டாத ஒன்று. சுமந்த பொருள்தான் வேறு.

1910களில் நகரின் மையப்பகுதியில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்கள் இடப்பட்டன. ஆயினும் எல்லா வீடுகளையும் அவை எட்டுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வாளி முறை முற்றாக ஒழிந்தது 1987 ஜனவரியில்தான். சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் தூய்மைப்படுத்த 1977இல் தொடங்கிய பத்தாண்டுப் பணி நிறைவுற்றதும் அதே 1987இல்தான்.

கட்டடங்களுக்குள் முன்னர் வார்ப்பிரும்புக் குழாய்களும் சுட்ட களிமண் குழாய்களுமே பயன்பட்டன. இரும்பு துருப்பிடிக்கும், களிமண் தட்டினால் உடையும், இரண்டுமே கனமானவை. பி.வி.சி. பிளாஸ்டிக் அதே அளவு இரும்பின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். துருப்பிடிக்காது, உட்புறம் வழுவழுப்பாக இருப்பதால் கசடு எளிதில் ஒட்டாது. ஆறு மீட்டர்க் குழாயை ஒருவரே தோளில் தூக்கிச் சென்று மரம் அறுக்கும் வாளால் அறுத்துப் பொருத்திவிடலாம். இவ்வளவு எளிது என்பதாலேயே அதனைக் கண்டபடி பொருத்துவோரும் பெருகினர். குழாய் நல்லதாயிருந்தும் வேலை கெட்டதனால் நாறும் வீடுகளை நாம் காண்கிறோம்.

சரிவின் கணக்கு

பால் வெட்டுவோருக்குச் சரிவைப் பற்றி நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒட்டுக்கன்று மரத்தில் ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் கோடு அமைகிறது. சரிவு குறைந்தால் பால் கோட்டை விட்டுப் பட்டையில் வழியும். கழிவுநீர்க் குழாய்க்கும் இதே போன்று ஒரு கணக்கு உண்டு. ஆனால் பாகை மிகச் சிறியது. கழிவறையிலிருந்து செல்லும் 100 மில்லிமீட்டர்க் குழாய்க்கு, நாற்பதுக்கு ஒன்று என்னும் சரிவு நெடுங்காலமாகக் கையாளப்படும் நல்ல அளவு. அதாவது 4 மீட்டர் நீளத்திற்கு 10 சென்டிமீட்டர் இறக்கம். சரிவு போதாவிடில் கசடு வழியிலேயே படியும். மிகையானால் தண்ணீர் முந்தி ஓடிவிட, கசடு பின்தங்கும் என்பது அனுபவமிக்க பிளம்பர்களின் கூற்று. கண்ணளவை நம்பலாகாது. ரசமட்டமோ, தண்ணீர் நிரப்பிய நீண்ட கண்ணாடி ரப்பர்க் குழாயோ இருந்தால் போதும்.

குழாயைத் தாங்கும் பிடிகள் படுக்கை வாட்டத்தில் மீட்டருக்கு ஒன்றேனும் இருத்தல் வேண்டும். இல்லையெனில் நடுவில் தொய்ந்து, தொய்ந்த இடத்தில் கசடு தங்கும். நேர்கோணமாகத் திரும்ப வேண்டிய இடத்தில், குறிப்பாக நெட்டுக்குழாய் தரையைத் தொடும் அடிப்பகுதியில், ஒரே 90 பாகை எல்போவுக்குப் பதிலாக இரண்டு 45 பாகை எல்போக்களை வைப்பது நலம். அடைப்பு எடுக்கும் மூடியையும் அங்கேயே கைக்கு எட்டும்படி வைக்க வேண்டும். சுவருக்குள் மறைத்துப் பூசிவிட்டு, பிறகு உளியைத் தேடுவது வீண் செலவு.

இணைப்பும் ரப்பர் வளையமும்

பிளாஸ்டிக் குழாய்கள் இரு வகையில் இணைகின்றன. ஒன்று பசை. இது காகிதம் ஒட்டும் பசை போன்றதன்று. குழாயின் மேற்பரப்பையே சற்றுக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஆகவே அறுத்த முனையின் பிசிறை நீக்கி, ஈரமும் தூசியுமின்றித் துடைத்த பின்னரே தடவ வேண்டும். செருகிச் சிறிது திருகி, அரை நிமிடம் அசையாது பிடித்திருக்க வேண்டும்.

மற்றது ரப்பர் வளையம். குழாயின் வாயில் ஒரு பள்ளம். அதனுள் ஒரு வளையம். மறு குழாயைச் செருகியதும் வளையம் நசுங்கி நீரைத் தடுக்கிறது. இவ்வளையங்கள் இயற்கை ரப்பராலும் செயற்கை ரப்பராலும் செய்யப்படுகின்றன. மங்கில் சொட்டும் பால் எங்கெல்லாம் போய்ச் சேர்கிறது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. செருகுமுன் சவர்க்காரத் தண்ணீர் தடவலாம். எண்ணெயோ கிரீசோ தடவினால் ரப்பர் ஊதிக் கெடும்.

வெயிலில் பிளாஸ்டிக் இரும்பை விடப் பன்மடங்கு நீளும். ஆறு மீட்டர்க் குழாய், வெப்பம் 20 பாகை ஏறினால் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் நீளும். இருபுறமும் இறுகப் பசையிட்ட நீண்ட குழாய் அதனால் வளைந்து பிடியைப் பிடுங்கிவிடும். வளைய இணைப்பில் குழாயை முழுதும் செருகிப் பென்சிலால் கோடிட்டு, பின்பு 10 மில்லிமீட்டர் வெளியே இழுத்து விடுவதன் காரணம் இதுவே. வெயிலில் நிற்கும் குழாய்க்குச் சாயம் பூசினால் நொறுங்காமல் நெடுநாள் உழைக்கும்.

மூன்று விரல் தண்ணீர்

குழாய் கழிவை வெளியே அனுப்பினால் மட்டும் போதாது. வெளியிலுள்ள கெட்ட காற்று உள்ளே வராமலும் காக்க வேண்டும். முகம் கழுவும் தொட்டியின் அடியிலும் குளியலறைத் தரைவடிகாலின் அடியிலும் குழாய் ஏன் வளைந்து கீழிறங்கி மீண்டும் மேலேறுகிறது? அந்த வளைவில் எப்போதும் சிறிது தண்ணீர் தங்கியிருக்கும். 50 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ மூன்று விரற்கடை ஆழமே உள்ள அத்தண்ணீர்தான் கதவு. பிளம்பர்கள் இதனை டிராப் என்பர்; நாம் நீர்ப்பூட்டு என்போம். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளி வளைவுக் குழாயுடன் கூடிய கழிவறைக்குக் காப்புரிமை பெற்றார்.

இந்தப் பூட்டு வறண்டால் என்ன ஆகும் என்பதை உலகம் 2003இல் கண்டது. சார்ஸ் நோய் பரவிய அவ்வாண்டில் சிங்கப்பூரில் 238 பேர் பாதிக்கப்பட்டு 33 பேர் உயிரிழந்தனர். ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்னும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மட்டும் 300க்கும் மேற்பட்டோரை அந்நோய் பற்றியது. குளியலறைத் தரையில் தண்ணீர் ஊற்றாது துணியால் மட்டுமே துடைத்து வந்தமையால் பல வீடுகளில் நீர்ப்பூட்டு வறண்டிருந்தது. காற்று உறிஞ்சும் மின்விசிறி இயங்கியபோது கழிவுக்குழாயின் நுண்துளிகள் அவ்வழியே அறைக்குள் வந்தன என்று ஆராய்ந்தோர் விளக்கினர். ஊருக்குச் சென்று பல நாள் கழித்துத் திரும்புவோர், தரைவடிகாலில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவது அதனாலேயே அவசியமாகிறது.

வறளாமலேயே பூட்டு திறந்துவிடுவதும் உண்டு. மாடியிலிருந்து ஒருவர் நீரை விடுவிக்கும்போது, விழும் நீர் தன் பின்னே காற்றை இழுக்கிறது. இழுக்கப்படும் காற்று வேறெங்கிருந்தும் வரவில்லையெனில், பக்கத்து வளைவிலுள்ள தண்ணீரையே உறிஞ்சிக் கொண்டு போய்விடும். "களக் களக்" என்னும் ஓசை கேட்டால் அதுவே அறிகுறி. கூரைக்கு மேல் திறந்தபடி நிற்கும் காற்றுக்குழாய் இதைத் தடுக்கத்தான். குப்பை விழுகிறதென்று அதன் வாயை அடைத்துவிடும் அன்பர்கள் உண்டு. அவர்கள் செய்வது பெருங்கேடு. வலை போட்டால் போதும்.

மழைநீரும் கழிவுநீரும்

சிங்கப்பூரில் மழைநீருக்கு ஒரு வழி, கழிவுநீருக்கு வேறு வழி. கழிவுநீர் நிலத்தடிக் குழாய்களில் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செல்கிறது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளும் ஆழ்சுரங்கம் 2008இல் நிறைவடைந்தது. மழைநீரோ கால்வாய்களில் ஓடி நீர்த்தேக்கங்களை அடைகிறது. லிட்டில் இந்தியாவை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாயின் நீர் மரீனா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது, அது குடிநீராகிறது. ஆகவே சமையலறைக் குழாயை அருகிலுள்ள மழைநீர்க் குழாயில் இணைத்துவிடும் பிளம்பர், ஊரார் குடிக்கும் நீரில் கழிவைக் கலக்கிறார். கழிவுநீர்ப் பணியை உரிமம் பெற்ற பிளம்பரே செய்ய வேண்டுமென அங்குள்ள பொதுப் பயனீட்டுக் கழகம் விதித்திருப்பதில் வியப்பில்லை.

உணவகங்களின் எண்ணெய் வேறொரு தொல்லை. சூடாக ஊற்றிய நெய்யும் கொழுப்பும் குழாயில் குளிர்ந்து உறைந்து, நாளடைவில் வாயை அடைத்துவிடும். அதனால் கொழுப்பைப் பிரிக்கும் தொட்டியைத் தாண்டியே உணவகக் கழிவுநீர் செல்கிறது. நம் வீடுகளில் இதற்கு ஈடானது சோறு வடித்த கஞ்சி. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஏறத்தாழ 80 பாகையிலேயே மென்மையாகிவிடும் பிளாஸ்டிக் குழாய் உருமாறும். கஞ்சியின் பசையும் உள்ளே படியும். ஆறவைத்து ஊற்றுவதே முறை.

தோட்டத்து வீட்டில் குழாய் உடைந்தாலோ நாறினாலோ அதைத் துணியால் கட்டி ஒப்பேற்றாது நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தொழிலாளர் வீட்டு வசதி குறித்து நம் நாட்டில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. 2019இல் அது திருத்தப்பட்டது. புதிய குழாய் போட வருபவரிடம் ஒன்றை மட்டும் வற்புறுத்துங்கள். மண்ணைத் தள்ளி மூடுவதற்கு முன் குழாயின் கடைவாயை அடைத்து, மேலிருந்து தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் ஒரு கோடிட்டு, அரை மணி நேரம் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீர் கோட்டை விட்டு இறங்கினால், மண்ணைத் தள்ளாமல் எந்த இணைப்பு கசிகிறது என்று தேட வேண்டும்.