பழி ஓரிடம், பிழை வேறிடம்

கிதார் ஊமையானால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது பிக்கப்பைத்தான். நானும் ஒருமுறை அப்படி நினைத்துப் புது பிக்கப் வாங்கி மாட்டினேன், கோளாறு அசையவில்லை. சுவிட்சில் அழுக்கு ஏறியிருந்தது, அவ்வளவே. முடியை விட மெல்லிய செம்புக் கம்பியைக் காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றினால் அதுதான் பிக்கப். அதில் அசைகிற பாகமே கிடையாது. கைபட்டுத் தேய்பவை ஜாக்கும் சுவிட்சும் வால்யூம் குமிழும்தான். அதனால் தேடலை வெளியிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் கேபிளை மாற்றுங்கள். நன்றாக ஒலிக்கும் வேறொரு கிதாரை அதே ஆம்பில் செருகிப் பார்த்தால் ஆம்ப் மீதான சந்தேகமும் தீரும். அடுத்து, செருகிய பிளக்கை லேசாக ஆட்டுங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் குற்றவாளி ஜாக். நட்டு தளர்ந்து ஜாக்கே சுழன்று, உள்ளே வயர் முறுக்கி அறுந்திருக்கும். நட்டை வெளியிலிருந்தே இறுக்கப் பார்க்காதீர்கள், ஒட்டிக்கொண்டிருக்கும் வயரும் போய்விடும். வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால், கான்டாக்ட் கிளீனரைக் குமிழின் உள்ளே அடித்துப் பலமுறை முன்னும் பின்னும் திருப்புங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

இவை எதுவும் இல்லையென்றால் மல்டிமீட்டரை எடுங்கள். இதற்குக் கிதாரைத் திறக்க வேண்டாம். கேபிளின் ஒரு முனை கிதாரில் இருக்கட்டும். மறுமுனை பிளக்கின் நுனியில் ஒரு முள், அதன் தண்டில் இன்னொரு முள். மீட்டர் 20 கிலோ ஓமில், வால்யூம் முழுக்கத் திறந்து. டோன் குமிழ் எப்படி இருந்தாலும் கவலையில்லை. அதிலுள்ள கெபாசிட்டர் நேர்மின்சாரத்தை விடாது.

மூன்று பிக்கப்பும் ஐந்து நிலைச் சுவிட்சும் உள்ள ஸ்ட்ராட்டோகாஸ்டரை எடுத்துக்கொள்வோம். 1, 3, 5 ஆகிய நிலைகளில் ஒவ்வொரு பிக்கப் மட்டும் வேலை செய்யும். சுமார் 6 கிலோ ஓம் காட்டும். 2, 4இல் இரண்டு பிக்கப்புகள் பக்க இணைப்பில் சேர்வதால் அதில் பாதி, ஏறக்குறைய 3. நடு பிக்கப் கேட்கவில்லை என்று வையுங்கள். 3ஆம் நிலையில் மீட்டர் அளவைத் தாண்டுகிறது; பெரிய அளவுக்கு மாற்றினால் 250 கிலோ ஓம். அது வால்யூம் குமிழின் மதிப்பு, பிக்கப்பின் தடம் அதில் இல்லை. இப்போது 2க்கு வாருங்கள். அங்கே 3 வந்தால் பிக்கப் உயிரோடுதான் இருக்கிறது, சுவிட்சைத் துடையுங்கள். 6 வந்தால் நடு பிக்கப்பின் பாதை அறுந்திருக்கிறது. அப்போதுதான் பிக்கார்டைக் கழற்ற வேண்டும். அதிலும் முதலில் பார்க்க வேண்டியது சால்டர் வைத்த இடங்களை. மங்கிய, குமிழ்போன்ற சால்டர் பிடிக்காத சால்டர். சுருளின் இரு முனைகளிலும் நேரடியாக அளந்து, அங்கும் ஒன்றும் காட்டாவிட்டால்தான் பிக்கப் போனதாக அர்த்தம். பூஜ்யம் காட்டினால் எங்கோ உயிர் வயர் எர்த்தைத் தொடுகிறது.

அளவெல்லாம் சரி, ஆனால் 2ஆம் நிலையில் மட்டும் ஒலி மெலிந்து மூக்கால் பேசுகிறதா? இரண்டு பிக்கப்பும் எதிர்த்திசையில் இயங்குகின்றன. அவற்றில் நடு பிக்கப் அல்லாத மற்றதன் இரு வயர்களை இடம் மாற்றினால் போதும்.

இரைச்சலுக்கு மீட்டரை விடக் கை நல்ல கருவி. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. ஜாக்கின் தகட்டைத் தொட்டால் குறைந்து, தந்தியைத் தொட்டால் குறையாவிட்டால், பின்பக்க மூடியைத் திறங்கள். ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரும்பில் சால்டர் வைத்த வயர் விட்டுப்போயிருக்கும்.

தந்தியைத் தொட்டதும் ஷாக் அடித்தால் கதையே வேறு. ஆம்பையும் வீட்டு எர்த்தையும் எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை அந்தக் கிதாரை ஆம்பில் செருகாதீர்கள்.