கன்னியா வெந்நீரூற்றுக்கு ஒருநாள் குடும்பப் பயணம்: நோயாளர்களும் பராமரிப்போரும் அறிந்திருக்க வேண்டியவை

திருகோணமலை நகரிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தொலைவில், அநுராதபுரம் செல்லும் வீதிக்கு அண்மையில் கன்னியா வெந்நீரூற்று அமைந்துள்ளது. அருகருகே உள்ள ஏழு சிறு கிணறுகளைக் கொண்ட இவ்விடத்துக்குப் பாடசாலை விடுமுறைக் காலங்களில் குடும்பங்கள் பெருமளவில் வருகின்றன. இராவணன் தன் தாய்க்கு இறுதிக் கிரியை செய்த இடம் என்னும் ஐதீகத்தையொட்டி, பெற்றோரை இழந்தவர்கள் அந்தியேட்டிக் கிரியைக்காகவும் இங்கு வருகின்றனர்.

ஆகவே, இங்கு வருவோர் அனைவரும் உடல்நலம் மிக்க இளவயதினர் அல்லர். ஒரே வாகனத்தில் நீரிழிவு உள்ள தந்தையார், உயர் குருதி அமுக்கத்துக்கு மருந்து உட்கொள்ளும் அம்மம்மா, கர்ப்பிணியான மகள், ஒரு வயது நிரம்பாத குழந்தை ஆகியோர் ஒன்றாக வருவதுண்டு. சிறிது முன்னேற்பாடு இருப்பின் இவர்களுள் பெரும்பாலானோர் பாதுகாப்பாகச் சென்று திரும்பலாம். அந்த முன்னேற்பாட்டை விளக்குவதே இப்பக்கத்தின் நோக்கம்.

நீர் ஏன் சூடாக உள்ளது?

இலங்கையில் இன்று இயங்கும் எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே நிலத்தின் ஆழத்துக்குச் சென்று, அங்குள்ள இயற்கை வெப்பத்தால் சூடேறி, மீண்டும் மேலே வருகின்றது. நீர் எவ்வளவு ஆழம் சென்றது, எவ்வளவு விரைவாக மேலே வந்தது, வழியில் குளிர்ந்த நீருடன் எவ்வளவு கலந்தது என்பவற்றைப் பொறுத்து அதன் வெப்பநிலை மாறுபடும். கன்னியாவின் ஏழு கிணறுகளும் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்ட சூட்டில் இருப்பதை நீரைத் தொட்டே உணரலாம்.

கன்னியாவின் நீர் பொதுவாக 40 பாகை செல்சியஸை அண்மித்தது. ஆரோக்கியமான தோலை இது உடனடியாகச் சுடாது. ஆனால் எல்லா வெந்நீரூற்றுகளும் இவ்வாறானவை அல்ல. அம்பாறை மாவட்டத்தின் மகாஓயாவில் நீரின் வெப்பநிலை 50 பாகையைத் தாண்டுகின்றது. 50 பாகை நீரில் வளர்ந்த ஒருவரின் தோல் ஆழமாக வேக ஐந்து முதல் பத்து நிமிடங்கள் ஆகலாம். 55 பாகையில் அரை நிமிடமும், 60 பாகையில் ஐந்து வினாடியளவும் போதுமானவை. குழந்தைகளினதும் முதியோரினதும் தோல் மெல்லியதாகையால் அவர்களுக்கு இதனினும் குறைந்த நேரமே ஆகும். எனவே, கன்னியாவில் பெற்ற அனுபவத்தை வைத்து வேறோர் ஊற்றின் நீரை மதிப்பிடல் ஆகாது.

வெந்நீரில் நீராடும்போது உடலில் நிகழ்வது என்ன?

சூடான நீர் உடலில் படும்போது தோலிலுள்ள குருதிக் குழாய்கள் விரிவடைகின்றன. குருதி அமுக்கம் சற்றுக் குறைகின்றது. ஆரோக்கியமானவரின் இதயம் சற்று விரைவாகத் துடித்து இதனை ஈடுசெய்யும். முதியோரிலும், கீழ்வரும் மருந்துகளை உட்கொள்வோரிலும் இந்த ஈடுசெய்தல் போதாமற் போகலாம்:

- உயர் குருதி அமுக்க மருந்துகள்
- சிறுநீரை அதிகரிக்கச் செய்யும் மாத்திரைகள்
- நெஞ்சுவலிக்கு நாவின் கீழ் வைக்கும் மாத்திரைகள்
- புரொஸ்டேற் சுரப்பி வீக்கத்துக்கான சில மருந்துகள்

இத்தகையவர்கள் குந்தியிருந்து நீராடிவிட்டுச் சட்டென எழும்போது கண் இருண்டு விழ நேரிடும். ஈரமான சீமெந்துத் தரையில் விழுதல் என்பது பல சமயங்களில் இடுப்பெலும்பு முறிவில் முடிகின்றது.

விரதமும் நீரிழிவும்: மிகுந்த கவனம் வேண்டிய இடம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு முற்பகலில், 60 வயதைக் கடந்த ஒருவர் நான் கடமையிலிருந்த வெளிநோயாளர் பிரிவுக்குத் தூக்கிவரப்பட்டார். தாயாரின் அந்தியேட்டிக்காக வந்தவர். அதிகாலையில் வழமைபோல இன்சுலின் ஏற்றியிருந்தார்; கிரியை முடியும்வரை உணவு உண்பதில்லை எனத் தீர்மானித்திருந்தார். நீராடி எழுந்தபோது வியர்த்து, பிதற்றி, மயங்கினார். துயரத்தாலும் பயணக் களைப்பாலும் ஏற்பட்டதென எண்ணிய உறவினர்கள், முக்கால் மணி நேரம் அவரை நிழலில் படுக்கவைத்து விசிறியிருக்கின்றனர். பரிசோதித்தபோது குருதியில் சீனியின் அளவு ஒரு டெசிலீற்றருக்கு 34 மில்லிகிராம். நாளத்தின் வழியே குளுக்கோசு ஏற்றிய சில நிமிடங்களில் அவர் கண்விழித்தார். முதலில் அவர் கேட்டது, கிரியை நிறைவுற்றதா என்பதே.

அவரது கிளினிக் புத்தகத்தைப் பின்னர் பார்த்தேன். பல ஆண்டுக் குறிப்புகள் அதில் இருந்தன. விரத நாளில் இன்சுலினை எவ்வாறு ஏற்றுவது என்பதை மட்டும் வைத்தியர் எவரும் எழுதியிருக்கவில்லை. குடும்பத்தினரும் கேட்டிருக்கவில்லை. அக்கேள்வியை நீங்கள் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்பதற்காகவே இதனை இங்கு குறிப்பிடுகின்றேன்.

இன்சுலின் ஏற்றுவோருக்கும், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், தொல்பியூட்டமைட் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்கும், உணவைத் தவிர்க்கும்போது குருதியில் சீனி ஆபத்தான அளவுக்குக் குறையலாம். மெற்போமின் மாத்திரையை மட்டும் உட்கொள்வோரில் இது அரிது. வெந்நீர் இவ்வாபத்தை மேலும் கூட்டுகின்றது: இன்சுலின் ஏற்றிய இடத்தில் சூடு படும்போது குருதியோட்டம் அதிகரித்து, மருந்து எதிர்பார்த்ததிலும் விரைவாக உடலில் கலக்கின்றது.

ஆகவே,

- பயணத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னதாக உங்கள் கிளினிக்கில் அன்றைய நாளுக்கான மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டு எழுதிப் பெறுங்கள். நீங்களாகவே மருந்தை நிறுத்த வேண்டாம். குறிப்பாக, முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலினை முற்றாக நிறுத்துதல் உயிராபத்தானது.
- கிரியை செய்பவர் நீரிழிவு நோயாளர் என்பதைக் குருக்களிடம் முன்னரே தெரிவியுங்கள். காலையிலேயே கிரியையை முடித்துக்கொள்வதற்கும், இடையில் பாலோ பழமோ உட்கொள்வதற்கும் வழி உண்டா எனக் கேட்டுக்கொள்ளுங்கள்.
- குருதிச் சீனி அளக்கும் கருவி வீட்டில் இருப்பின் உடன் எடுத்துச் செல்லுங்கள். நீராடுவதற்கு முன் அளந்து பாருங்கள்.
- நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்க் கோபம், பிதற்றல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால், அல்லது அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்து உடனே பருகக் கொடுங்கள். 15 நிமிடங்களின் பின் மீண்டும் அளவுங்கள். குறைவாகவே இருப்பின் மறுபடியும் கொடுங்கள். தெளிந்தபின் உணவு உண்ணச் செய்யுங்கள். அந்நிலையில் விரதத்தைத் தொடர்தல் ஆகாது.
- நினைவிழந்தவரின் வாயில் எதனையும் ஊற்ற வேண்டாம். ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, அம்புலன்ஸை அழையுங்கள்.

எப்போது செல்வது, எதனை எடுத்துச் செல்வது?

மே முதல் செப்ரெம்பர் வரை திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் வறண்ட வெயிற்காலம். நண்பகலில் வெளிவெப்பமே உடலைத் தளர்த்திவிடும். முற்பகல் 10 மணிக்கு முன்னர் நீராடி முடிக்கும் வகையில் புறப்படுங்கள். மட்டக்களப்பு, வவுனியா, யாழ்ப்பாணம் முதலிய இடங்களிலிருந்து வருவோர் முதல்நாள் மாலையே வந்து திருகோணமலையில் தங்குதல் முதியோருக்கு நல்லது. கன்னியா, கோணேசர் கோயில், நிலாவெளிக் கடற்கரை ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்னும் திட்டம் இளையோருக்கே ஏற்றது.

உடன் எடுத்துச் செல்ல வேண்டியவை:

- அன்றைய நாளுக்கும் மறுநாளுக்கும் போதுமான மருந்துகள், கிளினிக் புத்தகம்
- கொதித்தாறிய நீர், ஜீவனிப் பொதிகள், சீனி, பிஸ்கட்
- மாற்றுடை, துவாய், வழுக்காத செருப்பு
- குடை அல்லது தொப்பி

இன்சுலினை வெயிலில் நிற்கும் வாகனத்தினுள் விட்டுச் செல்ல வேண்டாம். ஈரத்துணியில் சுற்றிய சிறு பாத்திரத்திலோ, குளிர்ப்பெட்டியிலோ வையுங்கள். பனிக்கட்டியுடன் நேரடியாகத் தொடுகையுற விடவேண்டாம். உறைந்த இன்சுலின் பயனற்றது.

இதயச் செயலிழப்பு அல்லது நீண்டகாலச் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு, நாளொன்றுக்கு அருந்த வேண்டிய நீரின் அளவு வரையறுக்கப்பட்டிருக்கலாம். வெயில்நாளில் அவ்வளவை எவ்வாறு கடைப்பிடிப்பது என்பதையும், ஜீவனி பருகலாமா என்பதையும் வைத்தியரிடம் கேட்டறியுங்கள்.

நீராடும் முறை

கன்னியாவில் கிணற்றினுள் இறங்கிக் குளிப்பதில்லை. வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்வதே வழக்கம். மருத்துவ நோக்கிலும் இதுவே சிறந்தது. உடல் முழுவதும் வெந்நீரில் அமிழ்ந்திருப்பதைக் காட்டிலும், ஊற்றிக் குளிக்கும்போது உடலின் உள்வெப்பம் குறைவாகவே உயர்கின்றது.

சூடு குறைந்த கிணற்றிலிருந்து தொடங்குங்கள். முதலில் காலில், பின் கையில், அதன்பின் உடலில் ஊற்றுங்கள். முதியோரை உயரமான இருக்கையில் அமரச்செய்து, மற்றொருவர் ஊற்றுவது நன்று. பத்து நிமிடங்கள் போதும். முடித்தபின் ஓரிரு நிமிடங்கள் அமர்ந்திருந்து, பிறர் கைபிடித்து எழுங்கள். தலைச்சுற்று, நெஞ்சிறுக்கம், மூச்சுத்திணறல் ஏற்படின் உடனே நிறுத்துங்கள். அண்மையில் மாரடைப்புக்கு உள்ளானவர்களும், காய்ச்சல் உள்ளவர்களும், மதுபானம் அருந்தியவர்களும் வெந்நீரில் நீராடுவதைத் தவிர்க்க வேண்டும்.

பாதங்கள்

நீண்டகால நீரிழிவினால் பாதத்தின் உணர்ச்சி குன்றியவர்கள் சூட்டை அறியமாட்டார்கள். அவர்களது காலில் நீரை ஊற்றுமுன், உணர்ச்சி குன்றாத ஒருவர் தம் முழங்கையால் நீரைப் பரிசோதிக்க வேண்டும். ஆனால் நாம் அதிகம் காணும் பாதப் புண்கள் ஊற்று நீரினால் ஏற்படுபவை அல்ல. நண்பகலில் கோயில் வீதியின் கொதிக்கும் கல்லிலும் மணலிலும் வெறுங்காலுடன் நடந்ததால் ஏற்படுபவை. வெயில் ஏறுமுன் வழிபாட்டை முடியுங்கள். அனுமதி உள்ள இடங்களில் தடித்த காலுறை அணியுங்கள். வீடு திரும்பியதும் இரு பாதங்களையும் விரலிடுக்குகளையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சிறு கொப்புளமாயினும் மறுநாளே வைத்தியரிடம் காட்டுங்கள்.

குழந்தைகளும் கர்ப்பிணித் தாய்மாரும்

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஊற்று நீரில் நீராட்ட வேண்டாம். வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஆறவைத்த நீரையே ஊற்றுங்கள். கிணறுகள் ஆழமற்றவை போலத் தோன்றினாலும், எட்டிப் பார்க்கும் ஒரு சிறுபிள்ளை தவறி விழுந்தால் மூழ்குவதற்கு அவ்வாழம் போதும். கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். அப்பொறுப்பு யாருடையது என்பதைப் பெயர்சொல்லித் தீர்மானியுங்கள்.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் உடலின் உள்வெப்பம் 39 பாகைக்கு மேல் உயர்வது சிசுவின் நரம்பு மண்டல வளர்ச்சியைப் பாதிக்கலாம். ஆறிய நீரைச் சிறிதளவு ஊற்றிக்கொள்வதால் பாதிப்பில்லை. சூடான நீரில் நீண்டநேரம் நீராடுதல் கூடாது. பயணம் பற்றி உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் முன்னரே கலந்துரையாடுங்கள்.

நீரும் தொற்றும்

ஊற்று நீரைப் பருக வேண்டாம். மூக்கினுள் செல்லவும் விட வேண்டாம்: வெதுவெதுப்பான நன்னீரில் வாழக்கூடிய ஒருவகை அமீபா, மூக்கின் வழியே மூளையை அடைந்து கொடிய அழற்சியை உண்டாக்கும். இது மிக அரிதாயினும், தடுப்பது எளிது. மண்ணிலும் நீரிலும் வாழும் பக்டீரியாவால் ஏற்படும் மெலியோய்டோசிஸ் நோயும் இலங்கையில் பதிவாகின்றது. நீரிழிவு உள்ளவர்களை அது கடுமையாகத் தாக்கும். காயமோ புண்ணோ இருப்பின் நீராடலைத் தவிருங்கள். பயணத்தின் பின் காய்ச்சல் தொடர்ந்தால், சென்று வந்த இடத்தை வைத்தியரிடம் தவறாது கூறுங்கள்.

வெந்நீர் நோயைக் குணமாக்குமா?

வெப்பம் தசையிறுக்கத்தையும் மூட்டுவலியையும் சில மணிநேரம் தணிக்கலாம். அவ்வளவில் அது பயனுள்ளதே. மூட்டுவாதத்தையோ, தோல் நோய்களையோ அது குணமாக்காது. சிரங்குத்தன்மையுள்ள தோல் சூட்டினால் மேலும் உலர்ந்து அரிக்கலாம். நீராடியபின் சுகமாக உணர்கின்றீர்கள் என்பதற்காக எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம்.

அவசர நிலையில்

1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை நகரில் உள்ளது. சூட்டுக் காயம் ஏற்படின், மோதிரம், வளையல் முதலியவற்றைக் கழற்றி, 20 நிமிடங்கள் சாதாரண ஓடும் நீரில் பிடியுங்கள். பற்பசை, நெய், பனிக்கட்டி எதனையும் இட வேண்டாம். தூய துணியால் மூடி வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கிரியைக்காகச் செல்பவருக்கு அந்நாள் மீண்டும் வராது. அதனை இடையூறின்றி நிறைவேற்ற அவருக்கு உதவுவதும் பராமரிப்பின் ஒரு பகுதியே. அடுத்த கிளினிக் நாளிலேயே உங்கள் பயணத் திட்டத்தை வைத்தியரிடம் கூறுங்கள்.