குழாய் பிடிக்கப் பழகும் கை

"வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும்" என்று டாக்டர் சொன்னதும் உங்களுக்கு அடிவயிறு கலங்குகிறதா? கலங்குவது இயல்புதான். 1868-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் குஸ்மௌல் என்ற மருத்துவர், மனிதனின் இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கத் துணிந்தார். அதற்கு ஆளாக அவருக்குக் கிடைத்தவர் யார் தெரியுமா? கத்தி விழுங்கும் வித்தைக்காரர்! வளையாத உலோகக் குழாயை வேறு யாரால் விழுங்க முடியும்?

1957-இல் அமெரிக்காவில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர், கண்ணாடி இழைகளால் ஆன வளையும் குழாயை முதலில் தம் தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்தார். நோயாளிக்கு விட்டது அதன் பிறகுதான். இன்றைய எண்டோஸ்கோப்பிக் குழாய் ஏறக்குறைய சுண்டுவிரல் பருமன். குழாயைப் பற்றிய பயம் பாதி குறையட்டும். அதைப் பிடிக்கும் கை எப்படிப் பழகுகிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ரப்பர்த் தோட்டத்தில் புதிதாக வெட்டுக்கு வருகிறவரை எடுத்த எடுப்பிலேயே நல்ல மரத்தில் விடுவதில்லை. சாய்க்கப் போகும் கிழமரத்தில்தான் கத்தி பிடிக்கப் பழக்குவார்கள். கொஞ்சம் ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம். குறைந்தால் கோப்பையில் பால் இராது. மனிதக் குடலுக்குக் கிழமரம் ஏது?

அமெரிக்காவில் அதற்கென்று ஒரு பொம்மை உடலைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் குழாயை விட்டால் கணினித் திரையில் குடல் தெரியும். 2017-18 கல்வியாண்டில் பயிற்சி முடித்த பொது அறுவை மருத்துவர்கள் முதற்கொண்டு, இந்தப் பொம்மையில் ஐந்து வகைச் சோதனையிலும் ஓர் எழுத்துத் தேர்விலும் தேறினால்தான் சான்றிதழ்த் தேர்வுக்கு வரலாம் என்று விதி செய்தார்கள். பொம்மையோடு முடிவதில்லை. ஐந்து ஆண்டுப் பயிற்சியில், மூத்தவர் அருகிருக்க, மேல்வயிற்றில் 35, பெருங்குடலில் 50 முறையாவது செய்திருக்கவேண்டும்.

எதற்கு இத்தனை முறை? இடக்கை இரண்டு சக்கரங்களைத் திருப்பிக் குழாயின் நுனியை வளைக்கும். வலக்கை குழாயைச் செலுத்தும். கண் திரையில் இருக்கும். பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர், தொளதொளவென்று கிடப்பது. தெரியாதவர் தள்ளத் தள்ள, நுனி நகராது; நடுவில் வளையம் விழுந்து குடலை இழுக்கும். வலி அதனால்தான். தேர்ந்தவர் பின்னுக்கு இழுத்து, முறுக்கி, நேராக்கிக்கொண்டு போவார். குடல் ஓட்டையாவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனாலும் ஆனால் ஆபத்துத்தான்.

கட்டியைத் தேடுவது பெரும்பாலும் குழாயை வெளியே எடுக்கும்போது. அதற்குச் சராசரியாக 8 நிமிடமாவது எடுக்கவேண்டும் என்பது கணக்கு. அவசரக்காரர் கண்ணுக்குச் சின்னக் கட்டி தப்பிவிடும். அதுவே பின்னாளில் புற்றாகலாம்.

50 போதுமா என்று அங்கே சச்சரவும் உண்டு. குடல்நோய் வல்லுநர்களின் சங்கம் ஒன்று, 140 செய்த பிறகே ஒருவரின் திறமையை எடைபோடலாம் என்றது. எனக்கும் 50 குறைவாகவே படுகிறது. ஆனால் வல்லுநர் இல்லாத சிற்றூர்களில் இந்தச் சோதனையைச் செய்வது அறுவை மருத்துவர்தானே? அவரும் பழகாவிட்டால், அந்த ஊர்க்காரர் பல மைல் தூரம் போகவேண்டும். தோட்டத்தில் இருப்பவருக்கு அந்தத் தூரத்தின் அருமையைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

நம் நாட்டிலும் பயிற்சி மருத்துவர்கள் மேற்பார்வையில் இதைச் செய்வதுண்டு. "யார் செய்கிறீர்கள்? பெரிய டாக்டர் பக்கத்தில் இருப்பாரா?" என்று தாராளமாகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பழகும் கை என்பதற்காக எழுந்து வந்துவிடாதீர்கள். மலம் தார்போல் கறுத்துப் போனாலும், இரத்தம் கலந்து வந்தாலும், மூலம்தான் என்று நாள் கடத்தாதீர்கள்.

பெருங்குடல் சோதனையென்றால், முதல்நாள் கொடுக்கும் பேதி மருந்தை மிச்சம் வைக்காமல் குடியுங்கள். குடல் சுத்தமில்லாவிட்டால் எந்தக் கைக்கும் ஒன்றும் தெரியாது. தூக்க ஊசி போட்டால் அன்று மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போகட்டும்.