ஒரே ஒரு எழுத்து மாறினால் அரிவாளாக வளையும் ரத்த செல்... சிக்கிள் செல் அனீமியா என்றால் என்ன?

‘செல்லின் படம் வரைந்து பாகங்களைக் குறி’ - இந்தக் கேள்வியைத் தாண்டாமல் யாரும் பள்ளியை முடித்திருக்க முடியாது. உட்கரு, மைட்டோகாண்ட்ரியா என மனப்பாடம் செய்து மார்க் வாங்கியதோடு சரி. ஆனால், ஒரு செல்லின் வடிவம் மாறினால் உடம்பு என்ன பாடுபடும் என்பதற்குக் கண்கூடான உதாரணம், சிக்கிள் செல் அனீமியா எனப்படும் கதிர் அரிவாள் ரத்தசோகை.

சிவப்பணு ஏன் தனி ரகம்?

ரத்த சிவப்பணு, இருபுறமும் குழிந்த வட்டத் தட்டு போன்றது. இதில் உட்கருவும் கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. அந்த இடத்தையும் சேர்த்து ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் நிரம்பியிருக்கும். ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள்! தன்னைவிடக் குறுகிய ரத்தக் குழாயிலும் வளைந்து நெளிந்து போய்விடும். ஆயுள் சுமார் 120 நாட்கள்.

உட்கருவே இல்லை... அப்புறம் மரபணுக் கோளாறு எப்படி?

நல்ல கேள்விதான். எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது சிவப்பணுவுக்கும் உட்கரு உண்டு. அதிலுள்ள டிஎன்ஏ சொல்லும் குறிப்புப்படி, ரைபோசோம்கள் ஹீமோகுளோபினைத் தயாரிக்கும். பிறகுதான் உட்கரு வெளியேற்றப்படும்.

அந்தக் குறிப்பில் ஒரு எழுத்து மாறினால், 146 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா சங்கிலியில் 6-வது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்து உட்காருகிறது. அவ்வளவுதான் மாற்றம். ‘வழி’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘வலி’ என்று எழுதியது போல!

உடலில் என்ன நடக்கும்?

ஆக்சிஜனை இறக்கிவிட்டதும், இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. செல் அரிவாள் போல வளைந்து விறைத்துவிடும். சிறிய ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்வதால் எலும்பு, மார்பு, வயிறு எனக் கடும் வலி வரும். இந்தச் செல்கள் 10 முதல் 20 நாட்களிலேயே உடைந்துவிடுவதால் ரத்தசோகையும் சேர்ந்துகொள்ளும். உடலில் நீர் குறைவது, குளிர், அதிக உடல் உழைப்பு ஆகியவை வலியைத் தூண்டலாம்.

யாருக்கு வரும்?

இது தொற்றுநோய் அல்ல. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ‘கேரியர்’. பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. கணவன், மனைவி இருவருமே கேரியர் என்றால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25% வாய்ப்பு உண்டு.

இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலில் கண்டறியப்பட்டது, 1952-ல் நம்ம நீலகிரி பழங்குடி மக்களிடம்தான். மலேரியா அதிகமிருந்த பகுதிகளில் இது நிலைத்துப்போக காரணம் உண்டு: கேரியர்களுக்குத் தீவிர மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது.

என்ன செய்யலாம்?

வழக்கமான ஹீமோகுளோபின் அளவு பரிசோதனையில் கேரியரா என்பது தெரியாது. அதற்கென உள்ள ரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்ய வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், திருமணத்துக்கு அல்லது குழந்தைப்பேறுக்கு முன்பே இதைச் செய்துகொள்வது நல்லது.

2047-க்குள் இந்த நோயை ஒழிக்கும் தேசிய இயக்கத்தை 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கியது. 40 வயது வரையிலான 7 கோடி பேரைப் பரிசோதிப்பது இதன் இலக்கு. நோய் உள்ளவர்களுக்கு ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை வலியைக் குறைக்க உதவுகிறது. மருத்துவர் ஆலோசனை அவசியம்.