கோழிக்குக் கொடுத்த மருந்து எங்கெல்லாம் போகும்... தெரியுமா?

தீவனத்தில் துளி ஆன்டிபயாட்டிக் சேர்த்தால் கோழிக்குஞ்சு மளமளவென்று வளரும் என்று உலகத்துக்குக் காட்டிய மருந்து எது தெரியுமா? ஆரியோமைசின்! அது பிறந்த அமெரிக்க லெடர்லே ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை வகித்தவர் யார் தெரியுமா? நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்!

பீமாவரத்தில் பிறந்த பிள்ளை அவர். காந்தியின் அழைப்பைக் கேட்டு, அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கியோடு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கிடைக்க வேண்டியவருக்கு எல்.எம்.எஸ். என்ற சிறிய பட்டம்தான் கிடைத்தது. அந்த மனிதர் கடல் கடந்து போய் என்னென்ன செய்தார்! யானைக்கால் நோய்க்கு இன்றும் அரசு வீடு வீடாகக் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரை அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. புற்றுநோய்க்கான மெத்தோட்ரெக்ஸேட்டும் அங்கிருந்துதான். ஆரியோமைசினைக் கண்டுபிடித்தவர் அவருடைய குழுவில் இருந்த பெஞ்சமின் டக்கர். எழுபது வயதைத் தாண்டிய தாவரவியலாளர்! மிசௌரி மாநிலத்து வயல் மண் ஒரு பிடியில் இருந்த நுண்ணுயிர் தந்த மருந்து அது.

சுப்பாராவ் 1948 ஆகஸ்டில் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பரில், அதே லெடர்லே நிறுவனத்தில், தாமஸ் ஜூக்ஸ் என்பவர் கோழிக்குஞ்சுகளுக்கு மலிவான வைட்டமின் பி12 தேடிக்கொண்டிருந்தார். ஆரியோமைசின் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையைத் தீவனத்தில் கலந்து பார்த்தார். எடை போட்டால், மற்றக் குஞ்சுகளைவிட அவை கொழுகொழுவென்று நின்றன! 1950-ல் செய்தி வெளியானது. உயிர் காக்கும் மருந்து டன் கணக்கில் உலகப் பண்ணைத் தீவனங்களுக்குள் போக ஆரம்பித்தது.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-ல் நோபல் மேடையிலேயே எச்சரித்துவிட்டார், தெரியுமா? குறைந்த அளவில் மருந்தைக் கொடுத்தால் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும் என்று சொன்னார். தீவனத்தில் கலப்பதும் அதே குறைந்த அளவுதான்.

இப்போது நம் நாமக்கல் மாவட்டத்துக்கு வருவோம். புதுச்சத்திரம், எருமப்பட்டி, மோகனூர் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் நீள நீளமான கொட்டகைகள். உள்ளே அடுக்கடுக்காகக் கம்பிக் கூண்டு. கூண்டின் தரை லேசாகச் சரிந்திருக்கும். கோழி முட்டையிட்டதும் அது தானாக உருண்டு முன்னால் இருக்கும் கம்பித் தொட்டிலுக்கு வந்து நிற்கும். கோழியின் காலும் எச்சமும் படுவதற்குள் முட்டை வெளியே வந்துவிட வேண்டும் என்பதற்குத்தான் அந்தச் சரிவு! அங்கிருந்து 30 முட்டை பிடிக்கும் அட்டைகளில் அடுக்கி, லாரியில் ஏற்றி, கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் அனுப்புகிறார்கள். மழையை நம்பிய மானாவாரிச் சீமை, நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை தருகிற சீமையாக மாறியிருக்கிறது. முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலையை 10 காசு ஏற்றினாலும் இறக்கினாலும் மறுநாள் நாளிதழில் செய்தி. வியாபாரி அந்த விலையிலிருந்து எவ்வளவு 'மைனஸ்' கேட்கிறார் என்பதில்தான் பண்ணையாளரின் அன்றைய தூக்கம் இருக்கிறது.

இந்த முட்டையை அதிக நம்பிக்கையோடு சாப்பிடுகிறவர்கள் யார் தெரியுமா? நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள்! 1989-ல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது. 1998-ல் வாரம் ஒன்று. 2006-ல் இரண்டு, 2007-ல் மூன்று, 2010-ல் ஐந்து! பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டை. இப்படி ஒரு திட்டத்தை நாம் நடத்துகிறோம் என்பதே எனக்கு இன்றும் வியப்பு, பெருமை. காலையில் பெரிய அண்டாவில் முட்டை வேகும். சமையலர் அம்மா ஒவ்வொன்றாக ஓடு உரிப்பார். தட்டில் விழும் அந்த வெள்ளை உருண்டையை என்ன, ஏது என்று ஆராய்ந்து பார்க்கிற வயதா அந்தப் பிள்ளைகளுக்கு? அதனால்தான் பார்க்க வேண்டிய பொறுப்பு நமக்கு.

ஐரோப்பா இதை எப்படிப் பார்த்தது தெரியுமா? 1969-லேயே பிரிட்டனில் சுவான் குழு, மனிதருக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கால்நடை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்காதீர்கள் என்று அரசுக்கு அறிக்கை தந்தது. சுவீடன் 1986-ல் வளர்ச்சிக்காகக் கலப்பதை மொத்தமாகவே நிறுத்திவிட்டது, உலகத்திலேயே முதல் நாடாக!

அடுத்து டென்மார்க். அங்கே பண்ணைகளில் அவோபார்சின் என்ற மருந்து கலந்துகொண்டிருந்தார்கள். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் போடும் வேன்கோமைசினுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. கோழியின் குடலில் அவோபார்சினுக்கு அசையாத கிருமி வளர்ந்தது. அந்தக் கிருமி வேன்கோமைசினுக்கும் அசையவில்லை! 1995-ல் டென்மார்க் தடை போட்டது. 1997-ல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கத் தடை. 2006 ஜனவரி 1 முதல் வளர்ச்சிக்காக எந்த ஆன்டிபயாட்டிக்கும் தீவனத்தில் கூடாது என்று ஒன்றியம் கதவையே சாத்தியது.

தடை போட்டால் கோழித் தொழில் படுத்துவிடும் என்று அங்கேயும் பயந்தார்கள். டென்மார்க்கின் கறிக்கோழிப் பண்ணைகளில் உற்பத்தி குறையவே இல்லை! பால்குடி மறந்த பன்றிக்குட்டிகளுக்கு மட்டும் கழிச்சல் கூடியது. அவற்றுக்குச் சிகிச்சைக்காக மருந்து கொஞ்சம் அதிகம் தேவைப்பட்டது உண்மை. அதையும் மறைக்காமல் எழுதிவைத்தார்கள். 1995-ல் கண்காணிப்பைத் தொடங்கி, ஆண்டுதோறும் கால்நடையில், உணவில், மனிதரில் எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்கவில்லை என்று ஒரே அறிக்கையாக வெளியிடுகிறார்கள். மருந்து எழுதுகிற கால்நடை மருத்துவர் அந்த மருந்தை விற்று அடையும் லாபத்துக்கும் கடிவாளம் போட்டார்கள். 2010-ல் இன்னொன்று: கால்பந்து நடுவர் காட்டுவாரே, அந்த மஞ்சள் அட்டை! நாட்டுச் சராசரியைப் போல இரண்டு மடங்கு மருந்து செலவழிக்கிற பன்றிப் பண்ணைக்கு எச்சரிக்கை அட்டை. பண்ணையாளர் மருந்தைக் குறைத்தே ஆக வேண்டும். இந்தத் திட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: யார் எவ்வளவு மருந்து வாங்கினார்கள் என்ற கணக்கு இருந்ததால்தானே அட்டை காட்ட முடிந்தது!

நார்வேயின் சால்மன் மீன் கதை இன்னும் பிரமிப்பு. 1987-ல் கடல் பண்ணைகளில் ஏறத்தாழ 48 டன் ஆன்டிபயாட்டிக் கொட்டினார்கள். பிறகு மீனுக்குத் தடுப்பூசி வந்தது. ஆம், மீனுக்கு ஊசி! இன்று மீன் உற்பத்தி பல மடங்கு பெருகி 10 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. மருந்தோ ஒரு டன்னுக்கும் கீழே.

2022 ஜனவரி 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதுச் சட்டம் ஒரு படி மேலே போய்விட்டது. அழுக்கையும் மோசமான வளர்ப்பு முறையையும் கவனிப்புக் குறையையும் ஈடுகட்ட ஆன்டிபயாட்டிக் கொடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது! 25 ஐரோப்பிய நாடுகளில் 2011-க்கும் 2022-க்கும் இடையே கால்நடை ஆன்டிபயாட்டிக் விற்பனை 53 சதவீதம் சரிந்தது. இறக்குமதியாகும் இறைச்சிக்கும் முட்டைப் பொருளுக்கும் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலக்காத நிபந்தனை பொருந்தும் என்று விதி செய்திருக்கிறார்கள். இது நமக்கு எங்கோ நடக்கும் செய்தி இல்லை. பக்கத்து ஈரோடு மாவட்டத்திலிருந்து முட்டைப் பொடி ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகிறது.

கிருமிக்குப் பாஸ்போர்ட்டும் தேவையில்லை, தெரியுமா? 2008-ல் சுவீடனில் ஒரு நோயாளியிடம் என்.டி.எம்.-1 என்ற மரபணு கொண்ட கிருமி கிடைத்தது. இந்தியாவில் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர் அவர். 2010-ல் லான்செட் குழும இதழில் வந்த புகழ்பெற்ற கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி! இந்தியாவின் பெயர் அடிபட்டதால் நாடே கொதித்தது. ஆனால் அந்தக் கொதிப்பு நல்லதில் முடிந்தது: 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாட்டிக்கைக் காப்பாற்றச் 'சென்னைப் பிரகடனம்' எழுதின. 2014-ல் மத்திய அரசின் எச்1 பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பட்டியலில் உள்ள ஆன்டிபயாட்டிக்கை விற்கும் மருந்துக்கடை, யார் எழுதினார், யாருக்கு விற்றோம் என்று தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

கொலிஸ்டின் கதையையும் சொல்லியாக வேண்டும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று மனித மருத்துவம் ஒதுக்கிவைத்த பழைய மருந்து அது. மற்ற மருந்தெல்லாம் தோற்ற பிறகு, தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் கிடக்கிறவருக்குக் கடைசி நம்பிக்கையாகத் திரும்பி வந்தது. அதே மருந்து அதே நேரத்தில் தீவன மூட்டைக்குள்ளும் இருந்தது! 2015 நவம்பரில் சீனாவில் ஒரு பேரதிர்ச்சி: கொலிஸ்டினுக்கு அடங்காத தன்மை ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவுகிறது என்று பன்றிகளில் கண்டுபிடித்தார்கள். சீனா 2017-ல் தீவனத்திலிருந்து நீக்கியது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடை, கோழி, மீன் எல்லாவற்றுக்கும் கொலிஸ்டினைத் தடை செய்தது. பத்திரிகைகளும் ஆர்வலர்களும் மருத்துவர்களும் விடாமல் எழுதியதால், பேசியதால் வந்த தடை இது.

இன்னொரு விதி நம்மிடம் 2012 முதலே இருக்கிறது; வெளியே பலருக்குத் தெரியாது. கோழிக்கு மருந்து கொடுத்து நிறுத்திய பிறகு எத்தனை நாள் அதன் முட்டையை விற்கக் கூடாது என்று மருந்து லேபிளில் அச்சிட வேண்டும். தனியாகக் குறிப்பிடவில்லை என்றால் முட்டைக்குக் குறைந்தது 7 நாள், கோழிக்கறிக்கு 28 நாள்!

ஐரோப்பாவில் முட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாதகம் உண்டு, தெரியுமா? ஓட்டின் மேலேயே எண் அச்சிட்டிருக்கும். முதல் இலக்கம் 0 என்றால் இயற்கை வளர்ப்பு, 1 மேய்ச்சல், 2 கொட்டகைத் தரை, 3 கூண்டு. அடுத்து நாடு, அப்புறம் பண்ணை. 2017-ல் நெதர்லாந்து, பெல்ஜியம் பண்ணைகளில் உண்ணிக்கு அடித்த ஃபிப்ரோனில் முட்டையில் கலந்துவிட்டது. கோடிக்கணக்கில் முட்டை திரும்பியது. அரசு எண்களை வெளியிட்டது. இல்லத்தரசிகள் சமையலறையில் முட்டையைத் திருப்பிப் பார்த்து எது ஆபத்து என்று கண்டுகொண்டார்கள்! நம் சத்துணவு முட்டையிலும் அரசு முத்திரை இருக்கிறது, வெளியே விற்காமல் தடுக்க. அந்த முத்திரையோடு பண்ணை எண்ணும் சேர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இதற்கெல்லாம் அறிவு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. 1985-ல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நம்மிடமே இருக்கிறது. நாளிதழின் ஓரத்தில் வரும் அந்தச் சின்னச் செய்தியைப் பார்த்திருப்பீர்கள்: அடுத்த சில நாள் வெயில் இத்தனை டிகிரி, காற்று இந்தத் திசை, இறந்த கோழிகளைப் பரிசோதித்ததில் வெப்ப அயற்சி தெரிந்தது, பண்ணையாளர்கள் இதைச் செய்யுங்கள் என்று. கோழிக்கென்றே வானிலை அறிக்கை! தீவனத்தைப் பரிசோதிக்கும் ஆய்வகமும் அங்கே இருக்கிறது. ஈரமேறிய மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும். 1960-ல் இங்கிலாந்தில் 1 லட்சம் வான்கோழிகள் செத்த பிறகுதான் உலகம் அந்த நஞ்சையே அடையாளம் கண்டது. காரணம் இறக்குமதியான கடலைப் புண்ணாக்கு! நஞ்சு சேர்ந்த தீவனம் தின்ற கோழிக்கு எதிர்ப்புச் சக்தி குறையும், நோய் வரும், மருந்து தேவைப்படும். தீவனத்தைக் காயவைத்துச் சோதித்து வாங்குகிற பண்ணையாளர், தனக்கே தெரியாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கும் யாரோ ஒருவரின் மருந்தைக் காப்பாற்றுகிறார்.

கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கும் இதே கணக்குதான். அது வைரஸ், ஆன்டிபயாட்டிக் கொடுத்து ஒரு பயனும் இல்லை. கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து விட்டால் குஞ்சு பிழைத்துக்கொள்ளும்.

2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுக்க 12.7 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஐரோப்பா 2008 முதல் நவம்பர் 18-ஐ ஆன்டிபயாட்டிக் விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் நவம்பர் 18 முதல் 24 வரை உலக வாரமாக நடத்துகிறது. அந்த வாரத்திலாவது சேலத்திலும் நாமக்கல்லிலும் ஒவ்வொரு சத்துணவுக் கூடத்துச் சுவரிலும் ஒரு தாள் ஒட்டட்டும்: இந்த ஆண்டு பிள்ளைகளின் முட்டையில் எத்தனை மாதிரி எடுத்தோம், எந்த ஆய்வகத்தில் சோதித்தோம், என்ன கிடைத்தது. நவம்பர் 1 கிராம சபையிலேயே இதைத் தீர்மானமாகப் போட்டுவிடலாம்.