தானியம் சேராத பாண்: மரவள்ளி மாவை ஆயத்தஞ் செய்யும் முறை

நெல்லும் குரக்கனும் சோளமும் விளையும் நாட்டிலே தானியம் சேராத பாணைப் பற்றிக் கூறவேண்டிய தேவை யாதெனச் சிலர் வினவக்கூடும். வீட்டிலுள்ள ஒருவருக்குக் கோதுமைப் பாணின் சிறு துண்டும் தீங்கு செய்யுமென வைத்தியர் கூறும்போது அத்தேவை விளங்கும். அத்தகைய பிள்ளை, பாடசாலையில் ஏனைய பிள்ளைகள் உண்ணும் பாணையும் பணிசையும் தொடலாகாது. கடையில் விற்கப்படும் விசேட மா வகைகளோ விலை மிகுந்தவை. தோட்டத்தின் ஓரத்தில் நிற்கும் சில மரவள்ளிச் செடிகள் அவ்வீட்டிற்குப் பெருந்துணையாகும். ஆயினும் மரவள்ளி, பக்குவம் அறியாது சமைப்பின் நஞ்சாகக்கூடிய கிழங்கு. ஆகவே பாண் சுடுதல் இரண்டாவது வேலை; தீங்கற்ற மாவை ஆயத்தஞ் செய்தலே முதலாவது வேலை.

நோயின் தன்மை

மனித உடலிலே நோய்க் கிருமிகளை எதிர்த்து நிற்கும் காவற் சக்தி ஒன்றுண்டு. சிலரிடத்து அச்சக்தி வழிதவறித் தன் உடலின் உறுப்பையே தாக்கும். இத்தகையவை தன்னெதிர்ப்பு நோய்கள் எனப்படும். அவற்றுள் ஒன்று சீலியாக்கு நோய். கோதுமை, வாற்கோதுமை, றை என்னும் தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தை இந்நோயாளர் உண்ணும்போது சிறுகுடலின் உட்சுவர் சேதமுறும். உண்ட உணவின் சத்து உடலிற் சேராது. வயிற்றோட்டம், மெலிவு, இரத்தச்சோகை, பிள்ளைகளில் வளர்ச்சிக் குறைவு ஆகியன தோன்றும்.

பாணுக்கும் இந்நோய்க்குமுள்ள தொடர்பை நிலைநாட்டியவர் ஒல்லாந்து நாட்டுக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே என்பவர். 1944-45 ஆம் ஆண்டு மாரியில் அந்நாட்டிற் கடும் பஞ்சம் நிலவியது. பாண் கிடைக்காத அக்காலத்தில் இந்நோயுற்ற பிள்ளைகள் நலமுற்றனர். பாண் மீண்டும் கிடைத்தபோது நோயும் மீண்டது. கோதுமை மீது முன்னரே ஐயங்கொண்டிருந்த அவர், 1950 ஆம் ஆண்டில் உத்திரெக்ட்டுப் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வு நூலில் தம் முடிவுகளை வெளியிட்டார். அன்று முதல் கோதுமையை முற்றாக விலக்குதலே இந்நோய்க்குரிய பிரதான பரிகாரமாக விளங்குகின்றது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். இந்நோய் உண்டென ஐயுறுவோர் வைத்தியரைக் காணுமுன் கோதுமையை நிறுத்திவிடலாகாது. நிறுத்திய பின் செய்யப்படும் இரத்தப் பரிசோதனை நோயைக் காட்டாது விடக்கூடும்.

அரிசியிலும் குரக்கனிலும் சோளத்திலும் இத்தீய புரதம் இல்லை. ஆயினும் கோதுமையும் அரைக்கப்படும் ஆலையில் அவை அரைபடுமாயின், முன்னர் அரைத்த மா அவற்றுடன் கலந்துவிடும். அன்றியும், வேறு சில தன்னெதிர்ப்பு நோய்களுக்கு வைத்தியர் ஒரு கால எல்லைக்குள் எல்லாத் தானியங்களையும், முட்டை, பால், பருப்பு வகை, எள் முதலிய வித்துக்களையும் விலக்குமாறு கூறுவதுண்டு. இவ்விரு திறத்தாருக்கும் வீட்டிலேயே செய்யக்கூடிய கிழங்கு மா ஏற்றதாகும். தென் அமெரிக்காவிலும் கரிபியத் தீவுகளிலும் வாழ்ந்த பழங்குடி மக்கள், கோதுமையை அறியுமுன்னரே மரவள்ளியைத் துருவிப் பிழிந்து றொட்டி சுட்டு உண்டனர்.

கிழங்கிலுள்ள நஞ்சு

மரவள்ளியில் இலினமரின் என்னும் பொருள் உண்டு. அதனைச் சிதைக்கும் நொதியமும் கிழங்கிலேயே தனித்து இருக்கின்றது. கிழங்கு நசுங்கும்போது இரண்டும் ஒன்றுசேர, ஐதரசன் சயனைட்டு என்னும் கொடிய நஞ்சு வெளிப்படும். இந்நஞ்சு காற்றிலும் வெயிலிலும் எளிதில் ஆவியாகிப் போகும். எனவே கிழங்கை எவ்வளவு நுண்ணிதாகச் சிதைக்கின்றோமோ, அவ்வளவு நன்றாக நஞ்சு நீங்கும். கிழங்கைத் தடித்த சீவல்களாக வெட்டி விரைவில் உலர்த்தினால், சிதையாத பகுதியில் இலினமரின் அப்படியே தங்கிவிடும். பார்வைக்கு வெண்மையான மாவாயினும் அது தீங்கற்றதாகாது.

சதையிலும் தோலிலேயே நஞ்சு மிகுதி. நீண்ட வரட்சிக்குட்பட்ட செடிகளின் கிழங்கில் அது மேலும் கூடும். மரவள்ளியுடன் இஞ்சி உண்ணலாகாதென்பது இந்நாட்டில் நெடுங்கால வழக்கு. அவ்வழக்கைக் கைக்கொள்வதாற் குறையில்லை. ஆனால் இஞ்சியைத் தவிர்த்தமையால் மாத்திரம் கிழங்கு நஞ்சற்றதாகிவிடாது.

மா ஆயத்தஞ் செய்தல்

1. கிரிகவடி, எம்.யூ. 51 போன்று உண்பதற்கெனப் பயிரிடப்படும் இனங்களையே கொள்ளல் வேண்டும். கைப்புள்ள கிழங்கை விலக்குக. இனம் அறியாத வேலி மரவள்ளியைத் தொடவே வேண்டாம்.

2. நட்டு 8 முதல் 10 மாதமான செடியிலிருந்து கிழங்கைப் பிடுங்கி, அன்றோ மறுநாளோ பயன்படுத்துக. உள்ளே நீலக் கறுப்புக் கோடு ஓடிய கிழங்கு உதவாது.

3. கபில நிற வெளித்தோலையும், அதனடியிலுள்ள தடித்த உட்பட்டையையும் முற்றாக நீக்கிக் கழுவுக.

4. கிழங்கை நுண்ணிய துருவலாகத் துருவி, துணியால் மூடி ஓரிரவு வைத்திடுக. இவ்வேலையைக் காற்றோட்டமுள்ள இடத்திற் செய்தல் நன்று.

5. மறுநாள் துருவலைத் துணியிற் கட்டிப் பாரம் ஏற்றிப் பிழிக. பிழிந்த நீரை ஆடுமாடும் கோழியும் குடிக்காதவாறு குழியிற் கொட்டி மூடுக.

6. துருவலைத் தூய பாயில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்படாத தடிப்பிற் பரப்பி, நல்ல வெயிலில் சலசலவென ஒலிக்குமளவிற்கு உலர்த்துக. இதற்கு ஒன்று அல்லது இரண்டு நாள் செல்லும். மழைக்காலத்தில் இவ்வேலையைத் தொடங்கலாகாது. பூஞ்சணம் பிடித்த துருவலை எறிந்துவிடல் வேண்டும்.

7. வீட்டு உரலில் இடித்து, அரித்து, காற்றுப்புகாத கலத்தில் வைத்திடுக.

ஏறக்குறைய 4 கிலோ கிழங்கிலிருந்து ஒரு கிலோ மா கிடைக்கும்.

விலைக்கு வாங்கிய மாவைப் பற்றி ஐயமுண்டாயின், அதனை நீர்விட்டு நனைத்து, ஒரு சென்ரிமீற்றருக்கு உட்பட்ட தடிப்பிற் பரப்பி, வெயிலில் 2 மணி நேரம் அல்லது நிழலில் 5 மணி நேரம் வைத்திடுக. எஞ்சிய நஞ்சின் பெரும்பகுதி நீங்கும். நனைத்த மாவை அன்றே றொட்டியாகச் சுட்டுவிடல் வேண்டும்.

கோதுமையின்றிப் பாண் பொங்குவது எங்ஙனம்?

கோதுமை மாவைப் பிசையும்போது குளூட்டன் மெல்லிய வலைபோலாகி, உள்ளே தோன்றும் வாயுவைப் பிடித்து வைக்கின்றது. பாண் பொங்குவதும் மென்மையுறுவதும் இதனாலேயே. மரவள்ளி மாவில் அவ்வலை இல்லை. ஆகவே கோதுமைக்குப் பதிலாக அம்மாவை வெறுமனே இட்டுப் பாண் சுட்டால் அது உதிரும், அன்றேல் கல்லாகும். இக்குறையை நீக்க மாவின் ஒரு பகுதியைக் கூழாகக் காய்ச்சிச் சேர்த்தல் வேண்டும். வெந்த மாப்பொருளின் பசை ஏனைய மாவைப் பிணைத்து ஈரத்தையும் காக்கும். பொங்குதலை அப்பச்சோடாவும் தேசிக்காய்ப் புளியும் சேர்ந்து உண்டாக்கும்.

பாண் செய்யும் முறை

வேண்டியவை: மரவள்ளி மா 250 கிராம், நீர் 200 மில்லிலீற்றர், கெட்டித் தேங்காய்ப்பால் 90 மில்லிலீற்றர், தேங்காய் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, தேசிக்காய்ச் சாறு 2 மேசைக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, அயடீன் சேர்த்த உப்பு அரைத் தேக்கரண்டி.

மாவில் 40 கிராமை நீரிற் கரைத்து, இளந்தீயிற் கிளறிக் கூழாக்கி, இளஞ்சூடாகும் வரை ஆறவிடுக. எஞ்சிய மாவுடன் உப்பையும் சோடாவையும் நன்கு கலந்து அரித்துக்கொள்க. கூழுடன் தேங்காய்ப்பாலையும் எண்ணெயையும் கலந்து மாவிலே ஊற்றிப் பிசைக. தேசிக்காய்ச் சாற்றை இறுதியில் விடுக. விட்டபின் தாமதிக்கலாகாது, வாயு வீணே போய்விடும். மா இறுகியிருப்பின் சிறிது நீர் தெளிக்கலாம். ஆறு உருண்டைகளாக்கி, 2 சென்ரிமீற்றர் தடிப்பில் தட்டி, எண்ணெய் பூசிய தட்டில் அடுக்குக.

போறணையில் 190 பாகை செல்சியசில் 30 முதல் 35 நிமிடம் வேகவிடுக. போறணை இல்லாதார், அடியில் மணல் பரப்பிய கனத்த சட்டியைச் சூடாக்கித் தட்டை அதனுள் வைத்து, தகர மூடியின் மேலும் தணல் இட்டுச் சுடலாம். கத்தி நுனியைச் செலுத்தினால் பச்சை மா ஒட்டாது வருதல் வேண்டும். இறக்கி 20 நிமிடம் ஆறியபின் பிளக்குக. சூட்டிற் பிளந்தால் உள்ளே பிசினாகத் தோன்றும். இப்பாண் மறுநாள் இறுகும். சற்றே சூடாக்கின் மீண்டும் மென்மையுறும்.

கலப்பு நேராது காத்தல்

நோயாளிக்கு மிகச் சிறிதளவு கோதுமையும் ஆகாது. ஆகவே அரிதட்டு, பாய், பிசையும் பாத்திரம், தட்டு ஆகியவற்றைத் தனியாக வைத்திருத்தல் வேண்டும். கோதுமை மா வந்த சாக்கில் துருவலை உலர்த்துவதும் மாவைக் கட்டி வைப்பதும் பெருந்தவறு. எவ்வளவு உதறினும் சாக்கின் இழைகளில் மா தங்கும். கடைப் பெருங்காயத்தில் கோதுமை மா சேர்க்கப்படுவதுண்டு என்பதையும் மறத்தலாகாது. இம்மாவை அயலாருக்கு விற்கும் கமக்காரர் இவ்விதிகளை இன்னும் கண்டிப்பாகக் கைக்கொள்ளல் வேண்டும். வாங்குவோர் அவருடைய சொல்லை நம்பியே பிள்ளைக்கு ஊட்டுவர்.

உணவின் குறையும் நிறைவும்

மரவள்ளி மாவிற் புரதம் மிகக் குறைவு. நூற்றுக்கு இரண்டு பங்கிற்கும் உட்பட்டது. உடல் சிறிதளவு சயனைட்டை முறிப்பதற்கும் புரதத்திலுள்ள கந்தகமே துணைசெய்யும். எனவே இப்பாணை மீன் அல்லது இறைச்சியுடனும் கீரை வகைகளுடனும் உண்ணல் வேண்டும், தனித்து உண்ணலாகாது. முதன்முறை உண்போர் சிறிதளவிலே தொடங்குக. உண்டபின் தலைச்சுற்றும் வாந்தியும் தோன்றின் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

நாட்டும் தடிகளையும் இனத்தையும் பற்றிய ஆலோசனையை அயலிலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் பெறலாம். எவ்வெவ்வுணவை எவ்வளவு காலம் விலக்குவது என்பதை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும். மாரி மழை தொடங்கும்போது தோட்டத்தின் மேட்டுப் பகுதியில் பத்துத் தடிகளை நாட்டுவோர், மறு ஆண்டின் கோடை வெயிலிற் கிழங்கை மாவாக்கிக்கொள்ளலாம். பாணைத் தொடலாகாதென்று தடுக்கப்பட்ட பிள்ளைக்கும் அன்று ஒரு பாண் உண்டாகும்.