ஒரு பிரதி கரையிலிருந்து தள்ளி

கலியாண வீடியோ பென் டிரைவில், பிள்ளைகளின் படங்கள் ஆளுக்கொரு போனில், காணி உறுதியின் ஸ்கேன் ஏதோ ஒரு மெமரி கார்டில். கல்முனையோ மருதமுனையோ, பல வீடுகளில் இதுதான் நிலை. இவற்றை ஓரிடத்தில் சேர்த்து, வீட்டிலுள்ள எல்லோருக்கும் வைஃபை வழியே எடுத்துத் தரும் கம்பியூட்டர்தான் நாஸ். பெட்டியாக வாங்கினால் விலை கூட. பாகங்களைச் சேர்த்து நாமே செய்துகொள்ளலாம்.

அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்றும் 4 ஜிபி ரேமும் போதும். காசைப் போட வேண்டியது ஹார்ட் டிஸ்கில்தான். ஒரே கொள்ளளவில் புதிதாக இரண்டு வாங்குங்கள். சிஎம்ஆர் வகையா என்று கேட்டு வாங்குங்கள். எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் கூரை ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒன்றை மாற்றி எழுத, அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும், வேகம் படுத்துவிடும்.

டிஸ்க் இரண்டையும் சாட்டா கேபிளில் மாட்டி, சிறிய எஸ்எஸ்டி ஒன்றில் ஓபன்மீடியாவால்ட்டைப் பதியுங்கள். டெபியன் லினக்ஸின்மேல் ஓடும் இலவச மென்பொருள் அது. மொனிட்டர் பதியும்போது மட்டும்தான் தேவை. மிச்ச வேலையெல்லாம் போன் பிரவுசரிலேயே முடியும். ரெய்ட் 1 அமைத்தால் எழுதுவதெல்லாம் இரண்டு டிஸ்கிலும் பதியும். ஒன்று பழுதானாலும் மற்றது கைகொடுக்கும். ரவுட்டரோடு கேபிளால் இணையுங்கள். கிகாபிட் போர்ட் என்றால் 4 ஜிபி வீடியோ 40 செக்கன் அளவில் ஏறும். 100 மெகாபிட் என்றால் ஆறு நிமிடமாகும்.

30 வாட் இழுக்கும் பெட்டிக்கு மாதம் 22 யூனிட் செலவாகும். யுபிஎஸ்ஸும் வேண்டும். 2022இல் வந்ததுபோல் 13 மணிநேர மின்வெட்டை அது தாங்காது. எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு கெடாமல் பெட்டியை ஒழுங்காக நிறுத்தச் சில நிமிடம் தரும், அவ்வளவே. உப்புக்காற்று பட்டால் இணைப்பு முனைகளில் களிம்பு ஏறும். கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்க வேண்டாம்.

இரண்டு டிஸ்க் இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. பிள்ளை ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அக்கணமே அழியும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அலை ஏறிய வீடுகளில், அலுமாரியிலிருந்த ஆல்பமும் மேசையிலிருந்த கம்பியூட்டரும் ஒன்றாகவே போயின. ஆகவே வெளி டிஸ்க் ஒன்றில் மூன்றாவது பிரதி எடுத்து, கடவுச்சொல் போட்டுப் பூட்டி, கரையிலிருந்து தள்ளி, சம்மாந்துறைப் பக்கம் ராத்தா வீட்டில் வையுங்கள். போய்வரும்போதெல்லாம் புதுப்பித்து, ஓரிரண்டு கோப்பைத் திறந்தும் பாருங்கள். பிரதி கெட்டிருந்தால், மூலம் கையில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.